மயிலத்தில் பெய்த மழையை யார் பார்த்தார்கள்?

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடிந்த ஒரு நாளில் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கிய அந்த நாளில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரே அளவு மழைதான். சென்னை வெள்ளத்தை அறியாத இந்தியர் இல்லை. அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வந்தது, பெங்களூரிலிருந்து லாரிகள் வந்தன, புத்தகங்கள் எழுதப்பட்டன. மயிலம் மழையைப் பற்றி இன்று விழுப்புரம் மாவட்டத்துக்கு வெளியே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். முருகன் கோயில் இருக்கிற ஊர்தானே என்பார்கள்.

நான் திண்டிவனத்துக்காரி. மரக்காணம், மயிலம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சுனாமிக்கும் தானே புயலுக்கும் கேரள வெள்ளத்துக்கும் வகுப்பு வகுப்பாக உண்டியல் ஏந்திப் போயிருக்கிறேன். பத்து ரூபாய் கொண்டுவர முடியாத பிள்ளை ஒரு டம்ளர் அரிசி கொண்டுவரும். அந்தக் கைகளைப் பார்த்தவள் என்பதால், நம் மக்களுக்கு இரக்கம் குறைவு என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன். இரக்கம் நிறைய இருக்கிறது. அது எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதை முடிவு செய்வது மட்டும் கொடுப்பவர் கையில் இல்லை.

மயிலம் மழையைக் கொண்டுவந்த ஃபெஞ்சல் புயலின் அந்தச் சனிக்கிழமை முழுக்கத் தொலைக்காட்சிகள் எங்கே இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். மெரினா, பட்டினப்பாக்கம், வேளச்சேரி, மூடப்பட்ட விமான நிலையம். புயல் சென்னையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் செய்தியின் முதல் வரி. புயல் நடுநிசியை ஒட்டிப் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததும் போய்விடவில்லை, மணிக்கணக்கில் அதே இடத்தில் நின்று பெய்தது. சென்னையில் மழை குறைந்தது. சென்னை தப்பியது என்று செய்தி ஓடியது. எங்கள் பக்கத்துக்கு அழிவு தொடங்கியதே அப்போதுதான்.

திண்டிவனத்தில் கரண்ட் போய்விட்டது. கிடங்கல் ஏரி நிரம்பி வழிந்து தெருக்களில் தண்ணீர். செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. என்னிடம் படித்து இப்போது வேளச்சேரியில் இருக்கும் ஒரு பையன், லைன் கிடைத்ததும் முதல் வேலையாகக் கூப்பிட்டான். "நாங்க தப்பிச்சிட்டோம் டீச்சர். உங்க பக்கம் ஒண்ணும் பெரிசா இல்லியே? டிவியில ஒண்ணும் காட்டலியே" என்றான். அன்பான பையன். 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பால் பாக்கெட் கொடுத்தவன். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. டிவியில் காட்டவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் இதில் பெரிய விபரீதம் இருக்கிறது. அடி பலமாக விழுந்த ஊரில்தான் மின்சாரம் முதலில் போகிறது, கோபுரம் சாய்கிறது, ரோடு அறுபடுகிறது. படம் எடுக்கிறவன் வீட்டிலும் தண்ணீர். எடுத்த படத்தை அனுப்ப வழியில்லை. அரைகுறையாக அடிபட்ட இடத்திலிருந்து நூறு வீடியோ வரும், முழுசாக அடிபட்ட இடத்திலிருந்து ஒன்றும் வராது. வருகிற வீடியோவின் எண்ணிக்கையை வைத்து உதவி போகிறது. ஆக, தேவைக்கும் உதவிக்கும் உள்ள தொடர்பு தலைகீழாகிவிடுகிறது. எந்த ஊரிலிருந்து சத்தமே வரவில்லையோ அந்த ஊரைப் பற்றித்தான் முதலில் பயப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியர்களும் தொண்டு நிறுவனங்களும் செய்தி ஆசிரியர்களும் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை தாண்டியது. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேல் வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டது. அப்போதுதான் விழுப்புரம் செய்தியானது. எப்படி? தென் மாவட்ட ரயில்கள் ரத்து, பேருந்துகள் மாற்றுப் பாதையில், பயணிகள் தவிப்பு. தமிழ்நாட்டின் பாதிப் பேர் எங்கள் மாவட்டத்தின் வழியாகத்தான் ஊருக்குப் போகிறார்கள். போகிற வழி அடைபட்டது என்பது அவர்களுக்குச் செய்தி. வழியில் இருக்கிற வீடுகளுக்குள் என்ன ஆயிற்று என்பது செய்தியாகவில்லை.

மறுநாள் எங்கள் மாவட்டத்து இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. அந்தக் காட்சி டெல்லிச் சேனல்களில்கூட ஓடியது. சேறு வீசுவதை ஒரு ஆசிரியையாக நான் ஒருநாளும் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊரின் பெயர் வெளியே கேட்டது அதனால்தான். வீசிய கை யாருடையது, எந்தக் கட்சி என்று நாள் கணக்கில் விவாதம் நடந்தது. அந்த ஊர் வீடுகளில் எத்தனை ஆடு போயிற்று, நெல் மூட்டை என்ன ஆயிற்று என்று கேட்ட விவாதம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. கோபம் படமாகிறது. நஷ்டம் படமாவதில்லை.

பணத்துக்கு வருகிறேன், கணக்கு டீச்சர் என்பதால் அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குச் சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது, தூத்துக்குடி, திருநெல்வேலியில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 6,000 கிடைத்தது. நல்ல காரியம். சரியாக ஒரு வருடம் கழித்து ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டக் குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்டது 2,000 ரூபாய். புதுச்சேரி அரசு தன் குடும்ப அட்டைதாரர்களுக்கு 5,000 என்றது.

வரைபடத்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் வேதனை புரியும். புதுச்சேரியும் விழுப்புரமும் ஒரே சீரான கோட்டால் பிரிக்கப்பட்டவை இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கும். கோட்டக்குப்பம் எங்கள் மாவட்டம், அதை ஒட்டிய தெரு புதுச்சேரி. ஒரே கடல், ஒரே காற்று, ஒரே இரவு. ஒரு வீட்டுக்கு ஐயாயிரம், சில வீடு தள்ளி இரண்டாயிரம். புதுச்சேரிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் தோழியின் மகள், "மாமியார் வீட்டுக்கு ஒரு புயல், அம்மா வீட்டுக்கு ஒரு புயலா அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். நான் அவளுக்கு என்ன பதில் சொல்வது?

நகரத்தில் பொருள்களின் மதிப்பு அதிகம், ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் போகும், அதனால் அங்கே கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு என்று ஒரு வாதம் இருக்கிறது. படித்தவர்களே என்னிடம் சொன்னார்கள். விக்கிரவாண்டிப் பக்கத்துக் கூலிக் குடும்பமும் அதே ஃபிரிட்ஜைத் தவணையில்தான் வாங்கியிருக்கிறது, தவணைத் தொகையில் கிராமத்துக்கென்று தள்ளுபடி கிடையாது. அதோடு, சென்னையில் ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் கம்பெனிக்கோ கடைக்கோ வேலைக்குப் போகலாம். எங்கள் பக்கத்தில் வேலை என்பதே வயல்தான். வயல் மணல் மேடாகிப் போனவனுக்கு அடுத்த மாதம் கூலி எங்கிருந்து வரும்? பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஏக்கர் கணக்கில் ஏழாயிரத்துக்கும் குறைவு. அதுவும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. குத்தகைக்கு எடுத்து, நகையை அடகு வைத்து நடவு நட்டவருக்குக் கிடைத்ததா என்றால், நிலத்துக்காரர் மனம் வைத்தால் உண்டு.

மாநில அரசு ஒன்றிய அரசிடம் உடனடியாக 2,000 கோடி கேட்டது. வந்தது 944 கோடியே 80 லட்சம். அது எப்படியும் ஆண்டுதோறும் வர வேண்டிய மாநிலப் பேரிடர் நிதிப் பங்கு. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 522 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரலில். புயல் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. டெல்லியின் பார்வையில் தமிழ்நாடு எங்கே இருக்கிறது என்ற கேள்வியைச் சென்னை சரியாகவே கேட்டது. சென்னையின் பார்வையில் விழுப்புரம் எங்கே இருக்கிறது என்று நாங்கள் கேட்பதும் அதே கேள்விதான்.

விழுப்புரத்துக்குள் வந்தால் அங்கேயும் இதே கதை நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் வடியத் தொடங்கியதும் சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேன்கள் வந்தன. நல்ல மனிதர்கள், சொந்தக் காசில் டீசல் போட்டு வந்தவர்கள். நெடுஞ்சாலையில் முதலில் கண்ணில் பட்ட ஊரில் நிறுத்தி, கைநீட்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினார்கள். ரோட்டோர ஊர்களில் பிஸ்கட்டும் பெட்ஷீட்டும் மறுபடி மறுபடி வந்தன. பழந்துணி மூட்டைகள் பிரிக்கப்படாமல் ஈரத்தில் நாறின. அங்கிருந்து உள்ளே போகும் தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிகிற இடத்தில் ஓர் ஏரிக்கரை. இருளர் குடிசைகள். நான் பழைய மாணவிகள் இரண்டு பேரோடு போனபோது குடிசைகளின் கழிகள்தான் நின்றன. ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோட்டு மேல வண்டி சத்தம் கேட்டுக்கினேதான் இருந்திச்சி டீச்சரம்மா. எங்ககிட்ட ஒண்ணும் எறங்கி வரல" என்றார்.

அந்த இருளர்களில் பலரிடம் குடும்ப அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் இரண்டாயிரமும் இல்லை. மனைப்பட்டா இல்லாததால் வீடு இடிந்ததற்குக் கணக்கு எழுதுவதிலும் சிக்கல். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் ஆண்டுக்கணக்காக அலுவலகப் படி ஏறுவது இதற்காகத்தான். பேரிடர் நேரத்தில் அந்தக் காகிதங்களின் அருமை எல்லோருக்கும் தெரியும். மற்ற நாட்களில் அவர்களோடு நின்று ஒரு மனு கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். புயலுக்கு முன்பே அரசின் ஏட்டில் இல்லாதவர்கள், புயலுக்குப் பின் யார் கண்ணிலும் படுவதில்லை.

2004 சுனாமியிலும் இதையே பார்த்தேன். அப்போது மரக்காணம் பக்கத்தில் வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி வரிசை நின்றது. மீனவக் குப்பங்களுக்கு உதவி வந்தது, வரத்தான் வேண்டும், அவர்கள் இழந்தது ஈடு செய்ய முடியாதது. ஆனால் நிவாரணத்தை எல்லாரும் படகைக் கொண்டே அளந்தார்கள். கழுவெளிச் சதுப்பில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குப் படகு ஏது? உப்பளத்தில் கூலிக்கு வாருகிறவர்களுக்குப் படகு ஏது? ஒன்றும் இழக்கவில்லை என்று ஆகிவிட்டது. இன்னொரு பக்கம், தமிழகக் கடற்கரையில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமான கண்ணாடி இழைப் படகுகளைத் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிக் கொடுத்தன.

அந்தச் சுனாமி நேரத்தில்தான் ஓர் அமைப்பு துணிந்து ஒரு காரியம் செய்தது. 2005 ஜனவரி முதல் வாரத்தில், உலகமே சுனாமிக்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, எங்கள் சுனாமிப் பணிக்குத் தேவையானது வந்துவிட்டது, இனிமேல் இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. வந்து குவிந்ததை சூடானின் டார்ஃபுர், காங்கோ போன்ற மறக்கப்பட்ட இடங்களுக்குத் திருப்ப அனுமதி தாருங்கள் என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. மற்ற நிறுவனங்கள் கோபித்துக்கொண்டன. ஆனால் பணம் கொடுத்த சாதாரண மக்களில் பெரும்பாலோர் சரி என்றார்கள். எனக்கு இந்தச் செய்தி அன்றும் இன்றும் பெரிய நம்பிக்கை. உண்மையைச் சொல்லிக் கேட்டால், படம் பார்த்துக் கொடுத்த மனிதர் படம் வராத ஊருக்கும் கொடுப்பார். கேட்க ஆள் வேண்டும்.

தாமஸ் ஐசென்சீ, டேவிட் ஸ்ட்ராம்பெர்க் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1968 முதல் 2002 வரை உலகில் நடந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்துக்கொண்டு, எவற்றுக்கு அமெரிக்க அரசு உதவியது என்று பார்த்தார்கள். ஒலிம்பிக் போட்டி போன்ற பெரிய செய்தி ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் நடந்த பேரிடருக்கு உதவி கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. அந்த மக்கள் செய்த பாவம் ஒன்றுதான், தப்பான நாளில் வெள்ளம் வந்தது. ஃபெஞ்சல் வந்த அந்த 2024 டிசம்பரை நினைத்துப் பார்க்கிறேன். 12-ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். பதினெட்டு வயதுப் பிள்ளை, நம் தமிழ்நாட்டுப் பிள்ளை, கண்கலங்கிப் பார்த்தேன். அடுத்த வாரம் அஸ்வின் ஓய்வு அறிவிப்பு. அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. ஃபெஞ்சலின் பெயரைச் செய்தியில் தேட வேண்டியிருந்தது. மயிலத்தில் அப்போதும் ஈரப் பாடப்புத்தகங்களைத் திண்ணையில் காயப்போட்டுக் கொண்டிருந்தார்கள். வெள்ளம் பாதித்த பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளி வைத்தது கல்வித்துறை. நல்ல முடிவு. படிக்கிற புத்தகம் கூழாகிப் போன பிள்ளைக்கு மாற்றுப் புத்தகம் எப்போது கிடைத்தது என்று எழுத ஒரு நிருபரும் அப்போது மிச்சமில்லை.

எங்கள் ஊரைப் பற்றிய ஆதங்கம் மட்டும் இல்லை இது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டு அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மண்ணில் புதைந்த கண்டி, பதுளை, நுவரெலியாவில் லயன் அறைகளில் இருக்கிற தோட்டத் தொழிலாளர்கள் நம் மொழி பேசுகிறவர்கள், அவர்களின் முன்னோர் நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள். அந்த வாரம் நம் சேனல்களில் அதிகம் ஓடியது, டிட்வா சென்னைக்கு எப்போது வரும் என்பதுதான். சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் ஒரு கோடிக்கும் அதிகமானவர்களை வீட்டைவிட்டு விரட்டியிருக்கிறது, உலகிலேயே பெரிய இடப்பெயர்வு. காஸாவையும் உக்ரைனையும் பற்றிப் பேசுகிற நம் வீட்டுத் திண்ணைகளில் சூடான் வருவதில்லை. காஸாவுக்காக அழுகிறவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, நானும் அழுகிறேன். அந்த அழுகையில் கொஞ்சம் டார்ஃபுருக்கும் இலங்கை மலையகத்துக்கும் உரியது.

அரசிடம் நான் கேட்பது ஒன்று. குடும்பத்துக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் அந்தந்த வாரத்துப் பரபரப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இத்தனை நாள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றால் இவ்வளவு, கூரை போனால் இவ்வளவு என்று மாநிலம் முழுமைக்கும் ஒரே அளவை முன்கூட்டியே அரசாணையாகப் போடுங்கள். பயிருக்கும் கால்நடைக்கும் அப்படி ஓர் அளவு இருக்கிறது, குடும்பத் தொகைக்கு ஏன் இருக்கக் கூடாது? மயிலமும் வேளச்சேரியும் அந்தத் தாளில் ஒன்றாக இருக்கட்டும். கையில் அட்டை இல்லாத குடும்பத்தை ஊராட்சியும் பள்ளித் தலைமை ஆசிரியரும் அடையாளம் சொன்னால் போதும் என்று அதிலேயே எழுதுங்கள். எந்தப் பிள்ளை எந்தக் குடிசையிலிருந்து வருகிறது என்பது பள்ளிக்கூடத்துக்குத் தெரியும்.

கொடுக்கிறவர்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். முதல் வாரத்தில் எல்லோரும் வருவார்கள். முடிந்தால் நீங்கள் ஆறாவது வாரம் வாருங்கள். அப்போதுதான் ஆட்டுக்குட்டி வேண்டும், மல்லாட்டை (வேர்க்கடலை) விதை வேண்டும், பிள்ளைக்குச் சான்றிதழ் நகல் எடுக்கத் தாலுகா ஆபீஸுக்கு அலைய ஒரு துணை வேண்டும். பழந்துணி வேண்டாம். நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தியதும், இதுவரை யாரும் போகாத ஊர் எது என்று கேளுங்கள். டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். அந்த ஊருக்கு வழி மோசமாக இருக்கும், படம் எடுக்க நல்ல இடமாக இருக்காது, போய் வர ஒரு நாள் முழுக்க ஆகும். அங்கே போங்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அந்த ஏரிக்கரைக் குடும்பங்களில் பலருக்கு இன்னும் குடும்ப அட்டை வரவில்லை.